கையில் மிஞ்சியது சாக் துண்டு மட்டுமே: புராண முகங்களை வரைந்த சிமியன் சாலமனை லண்டன் ஏன் மறந்தது?

சாக்பீஸ் என்றாலே பள்ளிக்கூடக் கரும்பலகைதான் ஞாபகத்துக்கு வரும். டீச்சர் எழுதுவார், பெல் அடித்ததும் யாராவது டஸ்டரை எடுத்து அழித்துவிடுவார்கள். அழிவதற்காகவே எழுதப்படும் எழுத்து அது.

ஆனால் 19-ம் நூற்றாண்டு பிரிட்டனில் இதே சாக்கை வைத்துக் கடவுள்களையும் தேவதைகளையும் வரைந்தார்கள். தூக்கம், இரவு, காதல், மரணம் என்று கண்ணுக்கே தெரியாத விஷயங்களுக்கெல்லாம் முகம் கொடுத்தார்கள். அப்படி வரையப்பட்ட மெல்லிய தாள்கள் 150 வருடங்களைத் தாண்டி இன்றும் லண்டன், பர்மிங்ஹாம், ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

அந்த ஓவியர்களில் ஒருவர் சிமியன் சாலமன். 20 வயதுக்குள் லண்டனின் முக்கிய ஓவியக் கண்காட்சியில் இடம்பிடித்தவர். 32 வயதில் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தவர். அதன் பிறகு 30 ஆண்டுகளுக்கும் மேல் அவர் வரைந்துகொண்டே இருந்தார். பெரும்பாலும் சாக்கில், பெரும்பாலும் அதே முகங்களை. என்ன நடந்தது?

முதலில், சாக் ஓவியம் என்றால் என்ன?

ஓவியர்கள் பயன்படுத்திய சாக், கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் போல ஒரே வகை கிடையாது. அடிப்படையில் மூன்று நிறங்கள்.

கருப்பு சாக்: கரிமம் கலந்த ஒருவகை மென்மையான பாறை. நிழலுக்கும் அழுத்தமான கோடுகளுக்கும் இது.

சிவப்பு சாக்: இரும்புத் தாது கலந்த களிமண். நம் ஊர் காவிக்கல் நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பின் சூட்டையும் தோலின் நிறத்தையும் காட்ட இதைவிட வசதியான பொருள் இல்லை.

வெள்ளை சாக்: சுண்ணாம்பு. வெளிச்சம் படும் இடங்களுக்கு.

இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்திலிருந்தே ஓவியர்கள் இவற்றைப் பயன்படுத்தி வந்தார்கள். 19-ம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளில் தயாரான கலர் சாக்குகளும் கடைக்கு வந்துவிட்டன.

இதில் ஒரு டெக்னிக் இருக்கிறது. வெள்ளைத் தாளுக்குப் பதில் பழுப்பு அல்லது சாம்பல் நிறத் தாளை எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தாளின் நிறமே உடம்பின் நடுத்தர நிறமாகிவிடும். கருப்பில் நிழல், வெள்ளையில் வெளிச்சம். அவ்வளவுதான். கொஞ்சம் கோடுகளிலேயே ஒரு தோளோ கன்னமோ தாளைவிட்டு எழுந்து நிற்பது போலத் தெரியும்.

எண்ணெய் வண்ண ஓவியம் காய நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். கேன்வாஸ், வண்ணங்கள், எண்ணெய், அதையெல்லாம் வைக்க ஓர் அறை என்று செலவும் அதிகம். சாக்குக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு தாள், ஒரு துண்டு, ஒரு கை. சாலமனின் கதையில் இந்த வித்தியாசம் பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது.

ஏன் எல்லோரும் கிரேக்கக் கடவுள்களையே வரைந்தார்கள்?

'விதி விளையாடிவிட்டது' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். விதிக்குக் கை கால் கிடையாது. ஆனாலும் அது ஓர் ஆள் போல வந்து விளையாடுகிறது. இதைத்தான் உருவகம் என்கிறோம். விக்டோரியா மகாராணி காலத்து பிரிட்டிஷ் ஓவியர்கள் இதையே படத்தில் செய்தார்கள். தூக்கம் என்பது தலையில் சிறகு முளைத்த இளைஞன். இரவு என்பது அவனை அணைத்துக்கொள்ளும் தாய். கிரேக்கப் புராணத்தில் தூக்கத்தின் கடவுளான ஹிப்னாஸ், இரவுத் தெய்வமான நிக்ஸின் மகன். மரணக் கடவுளான தானடாஸ், ஹிப்னாஸின் சகோதரன்.

இதற்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, மரியாதை. வரலாறு, பைபிள், புராணம் ஆகியவற்றை வரைவதுதான் உயர்ந்த கலை என்பது ராயல் அகாடமியின் நீண்டகால நம்பிக்கை. பூ, பழம், ஊர்க்காட்சி எல்லாம் அதற்குக் கீழே.

இரண்டாவது, அனுமதி. பக்கத்துத் தெருப் பெண்ணை ஆடையில்லாமல் வரைந்தால் அது ஆபாசம். அதே பெண்ணுக்கு வீனஸ் என்று பெயர் வைத்தால் அது கலை! நிஜ வாழ்க்கையில் பேசக் கூடாத ஆசை, ஏக்கம், உடம்பு எல்லாவற்றையும் புராணத்தின் பெயரில் பேசலாம்.

அந்தத் 'தெய்வங்கள்' எல்லாம் உண்மையில் லண்டனில் வேலை பார்த்த மனிதர்கள்தான். ராயல் அகாடமியின் தலைவராக இருந்த ஃபிரெடரிக் லெய்டன், பெரிய ஓவியங்களைத் தொடங்கும் முன் கருப்பு, வெள்ளை சாக்கில் உருவத்தை முதலில் ஆடையின்றி வரைவார், பிறகு அதன்மேல் துணி மடிப்புகளைத் தனியாக வரைந்து பார்ப்பார். அவருடைய பல தேவதைகளுக்கு மாடலாக நின்றவர் டோரத்தி டீன் என்ற நடிகை. டான்டே கேப்ரியல் ரோசெட்டி 1871-ல் கலர் சாக்கில் வரைந்த 'ப்ராஸர்பைன்' ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாதுளம்பழத்தைக் கடித்ததால் பாதாள உலகத்தில் சிக்கிக்கொண்ட தேவதை அவள். மாடலாக இருந்த ஜேன் மோரிஸ், ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குதிரை லாயத் தொழிலாளியின் மகள்.

ரோசெட்டி இந்தக் கலர் சாக் படங்களை வெறும் ஒத்திகையாக நினைக்கவில்லை. முழுமையான ஓவியங்களாகவே வரைந்து விற்றார்.

யார் இந்த சிமியன் சாலமன்?

1840-ல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தவர். அண்ணன் ஆபிரகாம் ஓவியர். அக்கா ரெபெக்காவும் ஓவியர். சிமியனுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தவர்களே இவர்கள்தான்.

இங்கே அக்கா ரெபெக்காவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். தம்பிகளும் அண்ணன்களும் படிக்கலாம், ஆனால் பெண்களுக்கு ராயல் அகாடமி பள்ளியில் இடமில்லை. 1859-ல் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி 38 பெண்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். அதில் ரெபெக்காவும் ஒருவர். அடுத்த ஆண்டே லாரா ஹெர்ஃபோர்டு என்பவர் தன் படத்தில் முழுப்பெயர் போடாமல் இனிஷியல் மட்டும் போட்டு அனுப்பினார். ஆண் என்று நினைத்து இடம் கொடுத்துவிட்டார்கள். அப்படித்தான் முதல் பெண் உள்ளே போனார். ஆனாலும் மாடலைப் பார்த்து உடம்பை வரையும் வகுப்பு, பெண்களுக்கு 1890-கள் வரை கிடைக்கவில்லை. யார் யாரைப் பார்த்து வரையலாம் என்பதில்கூட அவ்வளவு கட்டுப்பாடு.

சிமியன் பதின்ம வயதிலேயே அகாடமி பள்ளியில் சேர்ந்தார். 1858-ல் அவருடைய படம் அகாடமி கண்காட்சியில் முதல்முறையாக மாட்டப்பட்டது. 1860-ல் 'மோசேயின் தாய்' என்ற ஓவியம். அதற்கு மாடலாக இருந்தவர் ஃபேனி ஈட்டன். ஜமைக்காவில் பிறந்து, லண்டனில் வீட்டு வேலை செய்து பிழைத்த கருப்பினப் பெண். மோசேயின் தாய்க்கு வழக்கமான வெள்ளை முகத்தைப் போடாமல் இவரை வரைந்தது அந்தக் காலத்துக்குப் புதிது.

ரோசெட்டி, எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ், கவிஞர் ஸ்வின்பர்ன் என்று லண்டனின் டாப் கலைஞர்கள் எல்லாம் அவருக்கு நண்பர்கள். 1860-களில் அவருக்கு ஏறுமுகம்.

படத்துக்குள் இருந்த 'சீக்ரெட்' என்ன?

சாலமன் ஆண்களை நேசித்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்களுக்கு இடையிலான உடலுறவு 1861 வரை மரண தண்டனைக்குரிய குற்றம். அதன் பிறகும் நீண்ட சிறை.

அதே காலகட்டத்தில்தான் பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவுக்கான தண்டனைச் சட்டத்தையும் எழுதியது. அதில் இருந்த 377-வது பிரிவு, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை இந்தியாவிலும் இதே உறவைக் குற்றம் என்றது. சாலமனை நசுக்கிய சட்டமும் அதுவும் ஒரே குடும்பம்தான்.

நேரடியாகச் சொல்ல முடியாததைச் சொல்ல சாலமனுக்குப் புராணம் கைகொடுத்தது. 1864-ல் அவர் வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியத்தில், கிரேக்கக் கவிஞர் சாஃபோ இன்னொரு பெண் கவிஞரைத் தோட்டத்தில் அணைத்துக்கொண்டிருப்பார். 1867-ல் வரைந்த மதுக் கடவுள் பாக்கஸ், திராட்சை இலைகளுக்கு நடுவில் யோசனையோடு நிற்கும் அழகான இளைஞன். அவர் வரைந்த 'காதல்' பல படங்களில் சிறகு முளைத்த ஓர் ஆண். ஆனால் வழக்கமான குறும்புக்கார மன்மதக் குழந்தை கிடையாது. குளிரில் தனியாக, அடிபட்டது போல நிற்கும் இளைஞன்.

அந்த முகங்களைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று சட்டென்று சொல்ல முடியாது. கனமான இமைகள், முழு உதடுகள், நீண்ட கழுத்து. பார்க்கிறவர்களுக்கு இது வெறும் கிரேக்கக் கதை. புரிந்தவர்களுக்கு அது வேறு.

1871-ல் 'காதலின் தரிசனம்' பற்றி அவரே ஒரு நீண்ட உரைநடைக் கவிதையும் எழுதி வெளியிட்டார். தூக்கத்தில் காதலைத் தேடிப் போகும் ஒருவனின் பயணம் அது. அதே ஆண்டில், ரோசெட்டி வட்டாரம் உடல் இன்பத்தைக் கொண்டாடுகிறது என்று கவிஞர் ராபர்ட் புகானன் எழுதிய காரசாரமான விமர்சனத்தில் சாலமன் பெயரும் அடிபட்டது. ஆக, சந்தேகம் ஏற்கெனவே காற்றில் இருந்தது.

1873 பிப்ரவரி 11: அன்று என்ன நடந்தது?

ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பொதுக் கழிப்பிடத்தில் சாலமனும் இன்னொருவரும் போலீஸிடம் பிடிபட்டார்கள். அந்த இன்னொருவர் 60 வயது குதிரை லாயத் தொழிலாளி.

வழக்கின் முடிவில் இருவருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. சாலமனின் வசதியான உறவினர் தலையிட்டார். போலீஸ் கண்காணிப்போடு அவர் விடுவிக்கப்பட்டார். லாயத் தொழிலாளிக்கு அப்படி யாரும் இல்லை. அவருக்கு 18 மாதக் கடுங்காவல். சாலமனின் கதையைச் சோகக் கதையாகச் சொல்லும்போது பலர் இந்த மனிதரைக் கடந்துபோய்விடுகிறார்கள். அவரை யாரும் சாக்கில் வரைந்து வைக்கவில்லை.

சிறையிலிருந்து தப்பினாலும் சாலமனின் வேறு எல்லாமே போனது. அடுத்த ஆண்டு பாரிஸிலும் அதேபோல் கைதாகி மூன்று மாதம் சிறையில் இருந்தார். கண்காட்சிக் கதவுகள் மூடிக்கொண்டன. நண்பர்கள் தூரம் போனார்கள். ஸ்வின்பர்ன், அதுவரை நெருக்கமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர், தொடர்பையே அறுத்துக்கொண்டார். காசில்லாத சாலமன் பின்னாளில் ஸ்வின்பர்னின் பழைய கடிதங்களை விற்றார். அது அந்தக் கவிஞரை இன்னும் கொதிக்க வைத்தது.

மது. கடன். தெரு. 1880-களின் நடுவிலிருந்து அவருடைய முகவரி செயின்ட் கைல்ஸ் வொர்க்ஹவுஸ். போக்கிடம் இல்லாத ஏழைகளை வேலை வாங்கிக்கொண்டு சாப்பாடு போட்ட விடுதி அது. அங்கே போவதே அவமானம் என்று லண்டன்வாசிகள் நினைத்த இடம். சில காலம் நடைபாதையில் சாக்கால் படம் வரைந்து காசு வாங்கினார் என்றும் சொல்லப்படுகிறது.

அப்புறம் எப்படி வரைந்தார்?

சாக் இங்கேதான் மறுபடி கதைக்குள் வருகிறது. ஸ்டுடியோ இல்லை, மாடலுக்குக் கொடுக்கக் காசு இல்லை, கேன்வாஸ் வாங்க வழி இல்லை. தாளும் சாக்கும் மட்டும் கிடைத்தன. சாலமன் அதை வைத்து ஏராளமாக வரைந்தார்.

முழு உருவங்கள் குறைந்தன. தலைகள் மட்டும் வந்தன. ஒரு முகம், அல்லது நெருங்கி நிற்கும் இரண்டு முகங்கள். கண்கள் மூடியிருக்கும் அல்லது பாதி திறந்திருக்கும். இரவு, தூக்கம், மரணம், காதல் என்று பெயர்கள். சிலவற்றில் அடியில் ஒரு லத்தீன் வரி.

அடிக்கடி வரும் இன்னொரு முகம் மெடூசா. கூந்தலுக்குப் பதில் பாம்புகள் உள்ள, பார்த்தவர்களைக் கல்லாக்கிவிடும் பெண். வழக்கமான ஓவியர்கள் அவளைப் பயங்கரமான அரக்கியாக வரைவார்கள். சாலமனின் மெடூசா வேறு. வலியில் இருக்கிறாள். தன் தலையில் சுற்றும் பாம்புகளால் தானே வதைபடுகிறாள். மனசாட்சியின் வேதனை என்ற தலைப்பிலும் அவர் ஒரு தலையை இப்படி வரைந்திருக்கிறார்.

இந்தப் படங்களை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்பது சுலபம். எல்லாவற்றையும் ஒப்புதல் வாக்குமூலமாக வாசிப்பதும் சரியில்லை. மெடூசாவும் தூக்கமும் அந்தக் காலத்தில் விற்கக்கூடிய சப்ஜெக்ட்களும்தான். ஆனால் ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது: 1860-களில் அவர் வரைந்த முகமும் 1890-களில் வரைந்த முகமும் ஒரே முகம். எந்த முகத்துக்காக அவரைத் தள்ளிவைத்தார்களோ, அதை அவர் விடவில்லை.

யாருமே வாங்கவில்லையா?

வாங்கினார்கள். அதுவும் எதிர்பாராத வழியில்.

ஃபிரெடரிக் ஹாலியர் என்ற போட்டோகிராஃபர், பர்ன்-ஜோன்ஸ் போன்றவர்களின் ஓவியங்களைப் படமெடுத்துப் பிரதிகள் விற்றுவந்தார். சாலமனின் படங்களையும் அப்படி வெளியிட்டார். கண்காட்சியில் இடம் கிடைக்காத அந்த முகங்கள், போட்டோ பிரதிகளாக ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களின் அறைச் சுவர்களில் தொங்கின. ஒருவகையில் அந்தக் காலத்து போஸ்டர்!

ஆஸ்கர் வைல்டிடமும் சாலமனின் படங்கள் இருந்தன. 1895-ல் இதே போன்ற குற்றச்சாட்டில் வைல்டு சிக்கியபோது, கடனுக்காக அவருடைய வீட்டுப் பொருள்கள் ஏலம் போயின. சாலமன் படங்களும் போயின. சிறையிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில், தான் இழந்தவற்றின் பட்டியலில் வைல்டு அவற்றையும் சேர்த்திருக்கிறார்.

1905 ஆகஸ்ட் 14 அன்று, வொர்க்ஹவுஸ் சாப்பாட்டுக் கூடத்தில் சாலமன் சரிந்து விழுந்து இறந்தார். வயது 64. சில மாதங்களிலேயே லண்டன் பெய்லி கேலரியில் அவருடைய படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. உயிரோடு இருக்கும்போது 30 வருடங்களாகத் திறக்காத கதவு அது.

அவை நல்ல ஓவியங்கள்தானா?

இதில் இரண்டு கருத்து உண்டு. 20-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் விமர்சகர்கள் அவருடைய கடைசிக்காலப் படங்களை ஒதுக்கினார்கள். ஒரே முகம் திரும்பத் திரும்ப வருகிறது, கை தளர்ந்துவிட்டது, காசுக்காக அவசரமாக வரைந்தவை என்றார்கள். சில படங்களைப் பார்த்தால் அது முழுப் பொய் இல்லை என்று புரியும்.

இன்னொரு தரப்பு வேறு கோணத்தில் பார்க்கிறது. பின்னணி, உடை, கதை எல்லாவற்றையும் உதறிவிட்டு, ஒரு முகத்தை வைத்தே ஒரு மனநிலையைச் சொல்லும் ஓவியங்கள் பிறகு ஐரோப்பாவில் பெரிய அலையானது. சாலமன் அதை வொர்க்ஹவுஸில் இருந்துகொண்டு, ஒரு சாக் துண்டை வைத்துச் செய்துகொண்டிருந்தார் என்கிறார்கள் இவர்கள்.

இறந்து 100 ஆண்டுகள் ஆன 2005-ல் பர்மிங்ஹாம் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. 1967-ல் இங்கிலாந்து, வேல்ஸில் ஓரினச்சேர்க்கை மீதான தடை பகுதியளவு நீங்கியதன் 50-ம் ஆண்டையொட்டி, 2017-ல் லண்டன் டேட் பிரிட்டன் நடத்திய கண்காட்சியில் சாலமனின் சாஃபோ ஓவியமும் இருந்தது. லண்டன் வில்ஸ்டன் யூத இடுகாட்டில் சிதைந்து கிடந்த அவருடைய கல்லறையும் 2014-ல் புதுப்பிக்கப்பட்டது.

எங்கே பார்க்கலாம்? எப்படிப் பார்க்கலாம்?

ஒரு சிக்கல் இருக்கிறது. சாக் படங்களை எந்நேரமும் சுவரில் மாட்டி வைக்க முடியாது. சாக் தூள் தாளின் இழைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கை பட்டால் கலைந்துவிடும். வெளிச்சம் அதிகம் பட்டால் தாள் பழுத்துவிடும், நிறங்கள் மங்கும். அதனால் இவை பெரும்பாலும் இருட்டு அறைகளில், பெட்டிகளில் படுத்திருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் போன்றவற்றில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால், வாசிப்பு அறை போன்ற இடத்தில் எடுத்துக் காட்டுவார்கள்.

அவ்வளவு தூரம் போகமுடியாதவர்களுக்கு இந்த மியூசியங்களின் ஆன்லைன் தொகுப்புகள் இலவசம். ஓவியர் பெயரைத் தேடினால் போதும், போனிலேயே ஜூம் செய்து பார்க்கலாம். பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனித்தால் படம் பிடிபடும்.

1. தாளின் நிறம்: ஓவியர் எங்கெல்லாம் ஒன்றுமே வரையாமல் தாளையே விட்டிருக்கிறார் என்று பாருங்கள். கன்னத்தின் பாதி அங்கேதான் இருக்கும்.

2. கண்கள்: திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா, யாரைப் பார்க்கின்றன? சாலமன் படங்களில் இரண்டு முகங்கள் நெருங்கி இருந்தாலும் பார்வை பெரும்பாலும் சந்திப்பதில்லை.

3. தலைப்பு: அதைக் கடைசியாகப் படியுங்கள். 'தூக்கம்' என்றோ 'இரவு' என்றோ இருக்கும். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் என்ன தெரிகிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அநேகமாக, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருக்கும் இரண்டு பேர் தெரிவார்கள். அதை அப்படியே பெயர் சொல்லி வரைய அன்றைய லண்டனில் சாலமனுக்கு அனுமதி இல்லை. அதனால் ஒருவருக்கு இரவு என்றும் இன்னொருவருக்குத் தூக்கம் என்றும் பெயர் வைத்தார்.